காற்றுக்கு முதுகு காட்டிய பிள்ளைகள்

சடையாண்டிக்களத்தில் அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் எல்லாம் மருந்தடித்துக்கொண்டே பிறந்தன. முதலில் பிறந்தது வீரணன் பெண்டாட்டி கவுசல்யாவுக்கு ஒரு பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து தொட்டிலில் போட்ட அன்றைக்கே அது இடது கையை இடுப்போரமாக வைத்து மேலும் கீழும் அசைத்தது, வலது கையை முன்னால் நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவதானமாக வீசியது, உதட்டைக் குவித்து ஸ்ஸ்ஸ் என்று சத்தமும் விட்டது. பார்க்க வந்த பெண்கள் வயிற்றுவலியாக இருக்கும், வசம்பு உரசிப் போடு என்றார்கள். கவுசல்யாவின் மாமியார் மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம தவசி மருந்தடிக்கிறாப்புலல்ல இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் வாசல் பக்கமிருந்து காற்று வந்தது. பிள்ளை துணிக்குள் நெளிந்து நெளிந்து காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டது. தவசியும் அப்படித்தான். முதுகில் பூச்சிமருந்து டேங்க்கோடு தோட்டத்தில் இறங்கினால் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பான், அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் கைப்பிடியை அடிக்க ஆரம்பிப்பான்.

அடுத்துப் பிறந்த பையனும் அடித்தான். அதற்கடுத்துத் தெற்குத் தெருவில் பிறந்ததும் அடித்தது. கிழக்குத் தெருவில் இரட்டையாகப் பிறந்தவை ஒரே தொட்டிலில் கிடந்துகொண்டு ஒன்றின் மூக்கில் ஒன்று இல்லாத குழாயை வீசின. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மல்லித் தோட்டம்தான் அந்த ஊருக்கு. சாயங்காலம் தவசி மருந்தடிப்பான், விடியுமுன்னே பெண்கள் இறங்கிப் பறிப்பார்கள், அடித்த மருந்து பனியோடு சேர்ந்து மொட்டில் ஈரமாக நிற்கும், அந்த ஈர மொட்டைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே நடப்பார்கள், மடி நிறைந்து வயிற்றோடு ஒட்டித் தொங்கும், வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளைக்கும் பூவுக்கும் நடுவில் நனைந்த சேலைத் துணி மட்டும்தான் இருக்கும். இதெல்லாம் ஊருக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆண்கள் முதலில் யோசித்தது வேறு விதமாக. ஒரு சாயங்காலம் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடி, மீசையை நீவிக்கொண்டு, தவசியை வரச்சொல்லி நிற்கவைத்து, கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவசிக்கு அவர்கள் என்ன கேட்க வருகிறார்கள் என்று புரிந்தபோது காது மடல் வரைக்கும் சுட்டது. ஆனால் வீரணன் மகளுக்கு வீரணனுடைய அகப்பைக் காது அப்படியே இருந்தது, இரட்டையருக்கு அவர்கள் அப்பனின் சப்பை மூக்கு இருந்தது, முகமெல்லாம் அவரவர் முகம், கைமட்டும் தவசி கை. "இது வேற சமாச்சாரம்பா" என்று ஊர்ப் பெரியவர் ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்குத்தான் ஊரிலேயே அதிகத் தோட்டம், அதனால் அவர் எழுந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

வேறு என்ன சமாச்சாரம் என்பதற்குப் பதில் ஊரிடமே இருந்தது. அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள்: நல்ல குணமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு வைக்கச் சொல்வார்கள், வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும். கோபக்காரனைக் கூப்பிடமாட்டார்கள், கஞ்சனைக் கூப்பிடமாட்டார்கள், பிள்ளையில்லாதவர்களைக் கூப்பிடவே மாட்டார்கள். கவுசல்யாவின் மகளுக்குச் சேனை வைத்தது தங்கமாயன் வாத்தியார். அவர் சேனை வைத்தும் பிள்ளை மருந்தடிக்கிறதே என்று யாரோ கேட்கப்போக, வாத்தியார் மனம் நொந்து ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கடைசியில் பெண்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். வாத்தியார் வைக்கும்போது பிள்ளைகளின் நாக்கு ஏற்கெனவே தித்திப்பாகத்தான் இருந்திருக்கிறது. அவர்களுக்கு வயிற்றுக்குள்ளேயே வேறு ஒருவர் முந்திக்கொண்டு சேனை வைத்துவிட்டார். மடியில் கிடந்த பூவில் இருந்தது யார் கை மருந்து?

அதன்பிறகு ஊருக்கு ஒரு குழப்பமும் இல்லை. தவசி நல்லவன். குடிக்கமாட்டான், அதிர்ந்து பேசமாட்டான், ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டான், அந்தக் குணம் பிள்ளைக்கு வந்தால் நஷ்டமென்ன என்று பேசிக்கொண்டார்கள். பேர் வைக்கும் விசேஷங்களில் அவனுக்குப் பாய் போட்டார்கள், தாய்மாமனுக்கு அடுத்தபடியாகத் துண்டு போர்த்தினார்கள், அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி வந்தார்கள், அவன் சட்டை வாசனை பட்டதும் பிள்ளைகள் அடங்கின. உளுந்து தூற்றுகிறவர்கள் வீரணன் வீட்டுக்கு ஆளனுப்பி, "பாப்பா எந்தப் பக்கம் முதுகக் காட்டிருக்கு?" என்று விசாரித்துக்கொண்டுதான் முறத்தைத் தூக்கினார்கள். வானிலை அறிக்கை பொய்த்தாலும் பாப்பா பொய்க்கவில்லை.

தவசிக்கும் அவன் மனைவி ஒச்சம்மாளுக்கும் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஒச்சம்மாள் வாங்கி வைத்த தொட்டில் கம்பி பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வருஷம் தவசி தொட்டில் தொட்டிலாகப் போய் உட்கார்ந்திருந்தான். தன்னைப்போலவே அந்தக் கைகள் அசைவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தெவிட்டவில்லை. "இடது கைய இன்னும் கொஞ்சம் தணிச்சு அடிக்கணும் ஆத்தா, தோள் வலிக்கும்" என்று கவுசல்யாவின் மகளிடம் யோசனைகூடச் சொன்னான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் ஒச்சம்மாளிடம் ஒப்பிப்பான், அவள் சிரித்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பேச்சு முடிகிற சமயத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் தன் வாழ்க்கையிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஜெபமலர், பிறக்கிற பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முடிவு வந்ததும் ஊரைக் கூட்டிச் சொன்னார். "ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மாகிட்டேருந்து ஒரு பாட்டு வருது. அந்தப் பாட்டுல ஒரு வார்த்தைகூட மாறல. எங்க இழுத்துப் பாடணும், எங்க அடக்கிப் பாடணும்ங்கிறதுதான் மாறிருக்கு. அதைச் சொல்லிக்குடுக்கிறது உடம்புல சுரக்கிற ஹார்மோன். இந்த மருந்து அந்த ஹார்மோன் வேஷத்தைப் போட்டுக்கிட்டு உள்ள போயி, பிள்ளை உருவாகிற நேரத்துல தப்பாச் சொல்லிக்குடுத்துருது."

"அதைத்தானம்மா நாங்க சேனைங்கிறோம்" என்றார் ராஜாங்கம்.

சேனை வைக்காதீர்கள், தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று வந்த நாளிலிருந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த டாக்டர், "சரி, சேனைன்னே வச்சுக்கங்க. வாயில வைக்கல, வயித்துல வச்சிருக்கீங்க" என்றார். படித்தவரே ஒத்துக்கொண்டாரே என்று ஊர் திருப்தியாகக் கலைந்தது. தவசி மட்டும் நின்றான்.

"டாக்டரம்மா, சேனை வச்சவன்கிட்ட இருக்கிற நல்லது மட்டுந்தான் போகுமா?"

"எதைக் கேக்குறீங்க?"

"எங்களுக்குப் பிள்ளை இல்ல."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவனை உட்காரச் சொன்னார். "பல வருஷமா டேங்க் சுமக்கிறீங்க. அதனாலதான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். இந்தப் பிள்ளைங்க பெரிசாகும்போது சிலதுக்குக் குழந்தை உண்டாகிறதுல சிரமம் வரலாம். அதுங்க பெத்துக்கிற பிள்ளைங்களுக்கும் வரலாம். வராமலும் போகலாம்."

"மாத்த வழி இல்லையா?"

"ஏத்திப் பாடினதைக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கியும் பாட முடியலாம்னு சொல்றாங்க. நல்ல சாப்பாடு, சுத்தமான காத்து, ரொம்ப காலம் ஆகும். மொதல்ல புதுசாச் சேனை வைக்கிறதை நிறுத்தணும்."

தவசி தெரு வழியாக வராமல் வாய்க்கால் கரையோரமாகவே வீட்டுக்கு வந்தான், ஏனென்றால் தெருவில் வந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிள்ளை அவனைப் பார்த்துக் கையசைக்கும். ஒச்சம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், பிறகு நிமிர்ந்து பரணைப் பார்த்தாள்.

"அப்ப இந்த வெறுந்தொட்டிலத்தான் வீடு வீடாக் கொண்டுபோய்க் கட்டிட்டு வந்திருக்கோமா?" என்றாள்.

மறுநாள் தவசி டேங்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டான். ராஜாங்கம் வந்து கேட்டார், நயமாகச் சொன்னார், சத்தம் போட்டார், பிறகு பக்கத்து ஊரிலிருந்து மொக்கைராசுவைக் கூட்டிவந்தார். மொக்கைராசு நன்றாகத்தான் அடிப்பான்; ஆனால் காலையிலேயே குடித்துவிட்டு வருவான், கண்ணில் பட்ட நாயையெல்லாம் உதைப்பான், வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவன் தோட்டத்தில் இறங்கிய அன்றைக்கே கர்ப்பிணிப் பெண்கள் ஒன்றுகூடிப் பேச ஆரம்பித்தார்கள். பிறக்கிற பிள்ளை தொட்டிலில் கிடந்துகொண்டு டாக்டரம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் என்ன செய்வது?

எல்லாருமாகத் தவசி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் ராஜாங்கத்தின் மருமகள் சுகப்பிரியா; மசக்கையில் முகம் வெளிறியிருந்தது, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே பேசினாள்.

"அண்ணே, நீங்களே அடிங்கண்ணே."

"டாக்டரம்மா சொன்னதக் கேட்டீல்ல தாயி?"

"கேட்டேன். அவுக சொன்னாங்கங்கிறதுக்காக ஊரு அடிக்காம விட்ருமா? எங்க மாமா விட்ருவாரா? எப்படியும் ஒருத்தன் அடிக்கத்தான் போறான், ஒருத்தன் குணம் எம்பிள்ளைக்கு வரத்தான் போகுது. அது உங்க குணமா இருந்துட்டுப் போகட்டும். கண்டவன் கை படவேணாம்ணே."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள், சிலர் அழுதார்கள், ஒருத்தி அவன் காலில் விழக் குனிந்து வயிறு இடித்ததால் பாதியில் நிமிர்ந்தாள். தன்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்து, தன் கையால் விஷத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று வரிசையில் வந்து நிற்கிற பெண்களைத் தவசி ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். அடிக்கமாட்டேன் என்றால் மொக்கைராசு, அடிக்கிறேன் என்றால் வெறுந்தொட்டில். அவன் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற ஒச்சம்மாள், "அடிப்பாரு. வெயில்ல நிக்காதீங்க, போங்க தாயி" என்றாள்.

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ராஜாங்கம் தோட்டத்தில் வழக்கம்போல அவள்தான் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து கலக்கி டேங்க்கில் ஊற்றினாள். எப்போதும் அவள் வேலைதான் அது. தவசி டேங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, மண்ணைத் தூவிப் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று கைப்பிடியை அடித்தான். ஸ்ஸ்ஸ் என்று புகைபோலப் பரவியது. நெடி இல்லை. இன்னும் கொஞ்சம் அடித்தான். கண் எரியவில்லை, நாக்கு கசக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் காலில் குத்திய முள்ளை எடுக்கிறவளாக மிகவும் மும்முரமாகக் குனிந்திருந்தாள். தவசி மெதுவாக அப்படியே திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காற்றுக்கு எதிர்முகமாக நின்றான், பச்சைத் தண்ணீர் அவன் முகத்திலும் மார்பிலும் சாரலாக வந்து விழுந்தது, அப்படியே அந்தப் பாத்தி முடிகிற வரைக்கும் அடித்துக்கொண்டு போனான்.

ஒவ்வொரு தோட்டமாக, ஒவ்வொரு சாயங்காலமும், ஒருவரிடம் ஒருவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல், புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்கெல்லாம் தண்ணீர் அடித்தார்கள். பெண்கள் நிம்மதியாகப் பூப்பறித்தார்கள். சுகப்பிரியாவின் வயிறு மேடிட்டது. மழைக்காலம் வந்தது, மொட்டுப்புழுவும் வந்தது.

மொட்டுக்கு மொட்டு ஓட்டை. பூ மார்க்கெட்டில் சடையாண்டிக்களத்துப் பூ என்றாலே மூட்டையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். ராஜாங்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு தவசி வீட்டுக் கொல்லைக்கு வந்தார், அங்கே விறகுக்குப் பின்னால் மூடி திறக்காத மருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. அன்றைக்கு மந்தையில் ஊரே கூடியது.

"நம்பினோமேப்பா உன்னைய" என்றார் ராஜாங்கம். திட்டியிருந்தால்கூடத் தவசி தாங்கியிருப்பான்.

"அவரைக் கேக்காதீக. கலக்குறவ நானு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒச்சம்மாள் சொன்னாள். மந்தையில் அவள் குரலை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. விசேஷம் நடக்கிற இடத்தில் முன்னால் வந்து நிற்கவே கூசுகிறவள். "உங்க பிள்ளைகளுக்கு இவரு குணம் வேணும்னு கேட்டீக. எங்க வீட்டுப் பரண்ல என்ன கெடக்குன்னு யாரும் ஏறிப் பாக்கல. பாத்த நான் எப்படி அதக் கலந்து குடுப்பேன்?"

கவுசல்யா தன் மகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள், பிள்ளை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுகப்பிரியா எழுந்தாள். "மாமா, எனக்கு நாளு நெருங்கிருச்சு. இது பொறக்கட்டும். பாத்துட்டு என்ன முடிவு வேணும்னாலும் எடுங்க. அதுவரைக்கும் புழுவ நாங்க கையாலயே பொறுக்கிர்றோம்." ராஜாங்கம் மருமகளைப் பார்த்தார், துண்டை உதறினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்திருக்காமலேயே கூட்டம் கலைந்தது அன்றுதான்.

பெண்கள் புழுப் பொறுக்கினார்கள், முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கினார்கள், கோழிகளைக் கூடையில் தூக்கிவந்து தோட்டத்தில் விட்டார்கள். ஊர் முழுக்க ஒரு வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. தவசியும் அவர்களோடு பொறுக்கினான், நினைப்பெல்லாம் அந்த வயிற்றில்தான். அந்தப் பிள்ளையும் கையை வீசிக்கொண்டு பிறந்துவிட்டால், முன்னால் அடித்ததெல்லாம் மண்ணிலும் உடம்பிலும் தங்கியிருந்து வந்துவிட்டால், பிறகு அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் சுகாதார நிலையத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. ராஜாங்கம் வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் முறைப்பதைப் பார்க்காதவர்போல அதைத் தொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துப் போட்டார். ஜன்னலில் தலைக்குமேல் தலை. பிள்ளை கைகளை மடக்கி வைத்திருந்தது, எல்லாப் பிள்ளைகளும் வைத்திருப்பதுபோல. காற்று பட்டதும் நெளிந்தது. நெளிந்து, காற்று வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டது. ராஜாங்கம் ஃபேனைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி அங்கேயும் முகத்தைக் காட்டியது.

"என்னப்பா இது, ஒருத்தன் குணமும் இல்லாமப் பொறந்திருக்கு" என்றார் ராஜாங்கம். பயந்து சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நாக்கு வெறுமையாக இருந்தால் சேனை வைத்தாக வேண்டும். ராஜாங்கம் தங்கமாயன் வாத்தியாரைத் தயாராக வரச்சொல்லியிருந்தார், அவரும் வெளுத்த சட்டையில் வந்து நின்றார். ஆனால் கட்டிலில் கிடந்த சுகப்பிரியா சீனித் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கி, ஜன்னலில் கடைசித் தலையாக நின்ற ஒச்சம்மாளைப் பார்த்து நீட்டினாள்.

"மதினி, நீங்க வாங்க."

"நான் வேணாம் தாயி" என்று ஒச்சம்மாள் பின்னால் நகர்ந்தாள். "நான் தொடக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கூப்புடுறேன். எம்புள்ளைக்கு உங்க குணம் வரணும். வாங்க மதினி, கை வலிக்குது."

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "கொதிச்சு ஆறின தண்ணிதானே? சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஒரே சொட்டு" என்று சுவரிடம் சொன்னார். ஒச்சம்மாள் கழுவினாள், திரும்பவும் கழுவினாள், ஒரே ஒரு சொட்டைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டிவிட்டு, இன்னும் கேட்டு வீறிட்டு அழுதது. அவளும் அழுதாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த தவசியிடம் வந்தபோது அவள் அந்த விரலை இன்னும் துடைக்காமல் தனியாக நீட்டி வைத்திருந்தாள். "காத்துக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். ராஜாங்கம் ஃபேனைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்துபோனார். நாலு அடி போய் நின்று, திரும்பாமலேயே, "நாளைக்குப் புழுப் பொறுக்க இன்னும் ரெண்டு ஆளு சேத்துக் கூட்டிட்டு வா தவசி" என்றார்.

தவசி அன்றைக்குத் தெரு வழியாகத்தான் நடந்தான். வீரணன் வீட்டு முற்றத்தில் கவுசல்யாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்குப் பிடித்துக்கொண்டு நிற்க வரும், பல்கூட நாலு முளைத்திருந்தது. மேற்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையை மேலும் கீழும், வலது கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சலிக்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இவளுக்கு வைத்ததை எடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் சுற்றிக்கொண்டுபோய் அவளுக்குப் பின்னால், காற்று வருகிற பக்கமாக, இரண்டு கையையும் விரித்து அதை மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். கவுசல்யா உள்ளேயிருந்து, "என்னண்ணே தரையில உக்காந்துட்டீக?" என்று கேட்டாள். அவன் விரித்த கையை மடக்கவில்லை. முதுகில் காற்று படவில்லையே என்று பிள்ளை திரும்பி அவனைப் பார்த்தது, பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரம் அதன் இடது கை அசையாமல் மடியில் கிடந்தது.